கத்தி பட்டால் பரவுமா?

நம் வீடுகளில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஹார்லிக்ஸ் போத்தலோடு ஓர் அறிவுரையையும் சேர்த்தே கொண்டு போவார்கள். புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் அந்த அறிவுரை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: "கத்திய மட்டும் வைக்க விடாதீங்க. கத்தி பட்டா பரவிரும்."

என் அத்தை ஒருவரிடமும் இதைத்தான் சொன்னார்கள். அவருடைய மார்பில் சிறு கட்டி. வலியில்லை. கிளினிக்கில் பார்த்த மருத்துவர், பெரிய மருத்துவமனைக்குப் போய்த் திசு மாதிரி எடுத்துச் சோதிக்கும்படி மலாயில் கடிதம் கொடுத்தார். அதை வீட்டில் வாசித்துப் பொருள் சொன்னவன் படிவம் 4 படித்துக்கொண்டிருந்த பேரன். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பச்சிலை வைத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. கடிதம் சாமி படத்துக்குப் பின்னால் போனது. எட்டு மாதம் அங்கேயே இருந்தது.

எட்டு மாதம் கழித்துப் போனபோது கட்டி பெரிதாகியிருந்தது. மாதிரி எடுத்தார்கள், பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பு வரை பரவிவிட்டது என்றார்கள். உடனே வீட்டில் எழுந்த பேச்சு என்ன தெரியுமா? "பாத்தீங்களா, ஊசி குத்துனதும் பரவிருச்சு." ஊசி குத்துவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே அத்தை முதுகு வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

மாணவர்களே, இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். புற்றுநோய் பரவுவதற்குக் கத்தி தேவையில்லை. உயிரணுக்களுக்குள்ளும் அவற்றுக்கு இடையிலும் ஓடும் சமிக்ஞைகளே அதைப் பரவச் செய்கின்றன. அந்தச் சமிக்ஞைகள் எவை என்று கண்டுபிடிக்க நம்மிடம் உள்ள முக்கிய வழி, கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்துப் பார்ப்பது. பயாப்சி எனப்படும் அந்தச் சோதனைக்குப் பயந்து நாம் விலகும்போது நோய்க்குக் காலம் கொடுக்கிறோம்.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012-2016 அறிக்கையின்படி, நோயின் நிலை பதிவு செய்யப்பட்டவர்களில் 63.7 விழுக்காட்டினர் மூன்றாம் அல்லது நான்காம் நிலையில்தான் கண்டறியப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் இது 58.7 விழுக்காடாக இருந்தது. மருத்துவமனையின் தூரம், வருமானம், வலியில்லாத கட்டியைப் பொருட்படுத்தாமை என்று தாமதத்துக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பலவற்றை மாற்ற உங்களால் முடியாது. ஒரு தவறான வாக்கியத்தை மாற்ற முடியும்.

உயிரணு எப்படி இடம் பெயர்கிறது?

நம் உறுப்புகளின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் போர்த்தியிருக்கும் உயிரணுக்கள் ஓடுகள் பதித்த தரையைப் போல நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஒட்டவைக்கும் புரதங்களில் முக்கியமானது ஈ-கேட்ஹெரின். இது இருக்கும்வரை உயிரணு தன் இடத்தைவிட்டு எளிதில் நகராது.

கட்டியின் சூழலில் இந்த ஒட்டு தளரக்கூடும். சுற்றியுள்ள உயிரணுக்களும் கட்டியும் வெளியிடும் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் போய் அமர்கிறது. அந்தச் செய்தி உயிரணுவின் கருவை எட்டியதும் ஸ்னெயில், டுவிஸ்ட் போன்ற புரதங்கள் விழித்துக்கொள்கின்றன. அவை ஈ-கேட்ஹெரின் மரபணுவின் வேலையை அடக்குகின்றன. ஒட்டு தளர்ந்த உயிரணு வடிவம் மாறி, கால் முளைத்ததுபோல ஊர்ந்து செல்லும் திறனைப் பெறுகிறது.

இந்த வித்தையைப் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தாயின் வயிற்றில் நாம் கருவாக இருந்தபோது, ஓரிடத்தில் பிறந்த உயிரணுக்கள் இன்னோரிடத்துக்குப் பயணம் செய்துதான் முகமும் நரம்புகளும் உருவாயின. முழங்காலில் சிராய்ப்பு ஏற்பட்டால் ஓரத்துத் தோல் உயிரணுக்கள் நகர்ந்து வந்துதான் காயத்தை மூடுகின்றன. அந்த வேலைகள் முடிந்ததும் சமிக்ஞை அணைந்துவிடும். புற்றுநோயில் அது அணைவதில்லை. இதே டி.ஜி.எஃப்.-பீட்டா, நோயின் தொடக்கத்தில் உயிரணுப் பெருக்கத்துக்குத் தடையாக இருக்கிறது. பின்னர் பரவலுக்குத் துணை போகிறது. ஒரே சமிக்ஞை சூழலைப் பொறுத்து இரண்டு பொருள் தருகிறது.

அப்படி நகர்ந்த உயிரணு இரத்தக் குழாய்க்குள் நுழைந்தாலும் அதன் பயணம் எளிதன்று. 1970-இல் அமெரிக்க ஆய்வாளர் ஐசாயா ஃபிட்லர், கதிரியக்க அடையாளமிட்ட புற்று உயிரணுக்களை எலிகளின் இரத்தத்தில் செலுத்தி அவற்றைப் பின்தொடர்ந்தார். ஒரே நாளில் அவற்றில் பெரும்பாலானவை மடிந்தன. கடைசியில் புதிய கட்டியாக வளர்ந்தவை ஒரு விழுக்காடுகூட இல்லை.

பிழைத்தவையும் எல்லா இடத்திலும் வேர் விடுவதில்லை. 1889-இல் இங்கிலாந்து அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார். இரத்தம் எல்லா உறுப்புக்கும்தான் போகிறது. ஆனால் நோய் ஒரே சீராகப் பரவவில்லை. கல்லீரலிலும் சில எலும்புகளிலும் அதிகம் இருந்தது. மண்ணீரலில் மிகக் குறைவு. விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் விளக்கினார். இன்று அந்த 'மண்' என்பதை மூலக்கூறுகளின் பெயர் சொல்லியே விளக்குகிறோம். எலும்பும் கல்லீரலும் வெளியிடும் சமிக்ஞைகளுக்கு ஏற்ற ஏற்பிகள் எந்தப் புற்று உயிரணுவிடம் இருக்கின்றனவோ, அது அங்கே தங்குகிறது.

கட்டியிலிருந்து உயிரணுக்கள் கழன்று இரத்தத்தில் கலப்பது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது? 1975-இல் எலிகளின் மார்பகக் கட்டிகளை வைத்து இது அளக்கப்பட்டது. ஒரு கிராம் கட்டியிலிருந்து ஒரே நாளில் இலட்சக்கணக்கான உயிரணுக்கள் இரத்தத்தில் கலந்தன. யாரும் கத்தியைத் தொடாமலேயே இவ்வளவும் நடந்தது. இப்போது என் அத்தையின் எட்டு மாதத்தை எண்ணிப் பாருங்கள்.

பயத்தில் கொஞ்சமும் உண்மை இல்லையா?

நேர்மையாகப் பேச வேண்டும். ஊசி சென்ற வழியில் சில புற்று உயிரணுக்கள் தங்கி வளர்ந்த நிகழ்வுகள் மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளன. அவை அரிதானவை. அந்த அரிதான ஆபத்து எந்தக் கட்டியில் கூடுதல் என்பதும் மருத்துவர்களுக்குத் தெரியும். விரைப்பையில் கட்டி இருந்தால் விரைப்பைத் தோலின் வழியே ஊசி குத்த மாட்டார்கள். சில கல்லீரல் கட்டிகளை ஊசியே இல்லாமல் ஸ்கேன் மூலம் உறுதி செய்வார்கள். அதாவது, எங்கே ஊசி வேண்டாம் என்பதையும் மருத்துவமே முடிவு செய்து வைத்திருக்கிறது. எல்லா ஊசியும் வேண்டாம் என்பது அதிலிருந்து பிறக்கும் முடிவன்று.

2015-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,000-க்கும் மேற்பட்ட கணையப் புற்றுநோயாளிகளின் பதிவுகளை அவர்கள் ஒப்பிட்டார்கள். அறுவைக்கு முன் ஊசி மூலம் மாதிரி எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 22 மாதம். எடுக்காதவர்களுக்கு 15 மாதம். ஊசிதான் ஆயுளைக் கூட்டியது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. இரு குழுவினரும் வேறு வகைகளிலும் வேறுபட்டிருக்கலாம். ஆனால் ஊசி குத்தினால் ஆயுள் குறையும் என்பது உண்மையானால், எண்கள் எதிர்த்திசையில் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

பிறகு ஏன் அந்த வாக்கியம் இத்தனை வீடுகளில் நிலைத்திருக்கிறது? பார்த்த வரிசையைக் காரணமாக எடுத்துக்கொள்வதால்தான். முதலில் ஊசி, அடுத்து ஸ்கேன், அதற்கடுத்து 'பரவிவிட்டது' என்ற செய்தி. சேவல் கூவியதும் பொழுது விடிகிறது; அதனால் சேவல்தான் சூரியனை அழைத்து வந்தது என்பதுபோல்தான் இது. ஊசிக்குப் பின்தான் ஸ்கேன் எடுக்கிறார்கள். ஸ்கேனுக்குப் பின்தான் பரவியிருப்பது தெரிகிறது. பரவியதோ வெகு முன்னால்.

ஒரு துண்டு திசு என்ன சொல்லும்?

இதுவரை, ஊசியால் பரவுவதில்லை என்று பார்த்தோம். அதனால் கிடைக்கும் நன்மை என்ன? இதற்குப் பதில் சொல்ல எலிக்குட்டிகளின் கண்களிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் கண் இமைகள் வழக்கமான நாளுக்கு முன்பே திறந்துகொண்டன. சாற்றிலிருந்த ஒரு புரதம் தோல் உயிரணுக்களை வேகமாக வளரச் செய்திருந்தது. 1962-இல் அதைப் பிரித்தெடுத்து விவரித்தார். அதுவே ஈ.ஜி.எஃப்., மேல்தோல் வளர்ச்சிக் காரணி. இத்தகைய வளர்ச்சிக் காரணிகளைக் கண்டுபிடித்ததற்காக 1986-இல் அவருக்கும் ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

ஈ.ஜி.எஃப். வந்து அமரும் ஏற்பியின் பெயர் ஈ.ஜி.எஃப்.ஆர். அதை வீட்டு வாசலிலுள்ள அழைப்பு மணியாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே விரல் அழுத்தினால் உள்ளே மணி ஒலிக்கும். உயிரணுவுக்குள் அந்த ஒலி ராஸ், ராஃப், மெக், எர்க் என்று ஒரு புரதத்திலிருந்து இன்னொரு புரதத்துக்குக் கைமாறிச் சென்று, 'பெருகு' என்ற கட்டளையாகக் கருவை அடைகிறது. விரலை எடுத்ததும் மணி நிற்க வேண்டும். ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் நேர்ந்துவிட்டால் பொத்தான் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. யாரும் அழுத்தாமலேயே மணி ஒலித்துக்கொண்டே இருக்கும்.

இந்த மணியை அணைக்க வந்த மாத்திரை ஜெஃபிட்டினிப். நுரையீரல் புற்றுநோய்க்காக 2002-இல் ஜப்பானில் அது அனுமதி பெற்றது. சிலருக்குக் கட்டி வியக்கத்தக்க விதத்தில் சுருங்கியது. பலருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. காரணம் 2004-இல் தெரிந்தது: கட்டி சுருங்கியவர்களின் புற்று உயிரணுக்களில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாறியிருந்தது.

இதை உறுதிப்படுத்திய பெரிய ஆய்வில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ஹாங்காங் பேராசிரியர் டோனி மோக் தலைமையில், மலேசியாவும் சிங்கப்பூரும் உள்ளிட்ட ஆசிய நாடுகளில் 1,217 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஐபாஸ் ஆய்வு அது. முடிவு 2009-இல் வெளிவந்தது. பங்கேற்றவர்கள் புகைபிடிக்காதவர்கள் அல்லது முன்பு சிறிதளவு புகைத்து நிறுத்தியவர்கள். திசு மாதிரியைச் சோதிக்க முடிந்த 437 பேரில் 261 பேருக்கு அந்த மரபணு மாற்றம் இருந்தது. மாற்றம் இருந்து ஜெஃபிட்டினிப் எடுத்துக்கொண்டவர்களில் 71.2 விழுக்காட்டினருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. மாற்றம் இல்லாமல் அதே மாத்திரையை எடுத்துக்கொண்டவர்களில்? 1.1 விழுக்காடு. அவர்களுக்குக் கீமோ சிகிச்சையே மேலாக இருந்தது, அதில் 23.5 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 71.2, 1.1. ஒரே நோயின் பெயர், ஒரே மாத்திரை. யாருக்கு அது மருந்து, யாருக்கு அது வீண் என்று சொல்வது ஒரு துண்டு திசு. அதைக் கொடுக்க மறுத்தால், மருத்துவர் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து எழுத வேண்டியதுதான்.

மருந்து ஏன் ஒருநாள் வேலை செய்யாமல் போகிறது?

இனி வருவது துயரமான பகுதி. ஜெஃபிட்டினிப் நன்றாக வேலை செய்தவர்களிலும் பெரும்பாலோருக்கு ஓராண்டு வாக்கில் நோய் மீண்டும் வளரத் தொடங்கியது. வீட்டில் உள்ளவர்கள் மருந்து பொய்த்துவிட்டது என்பார்கள். பத்தியத்தை விட்டதால்தான் என்று நோயாளி மீதே பழி போடுகிறவர்களும் உண்டு. இரண்டும் தவறு.

பேராக்கில் உள்ள தெலுக் இந்தானுக்குப் போய் வருவோம். அங்கே 1990-களின் இறுதியில், கிளைபோசேட் என்ற களைக்கொல்லி தெளித்தும் சாகாத ஒரு புல் கண்டறியப்பட்டது. மலாயில் ரும்புட் சம்பாவ் எனப்படும் அது நாம் கூழ் காய்ச்சும் கேழ்வரகின் நெருங்கிய உறவு. களைக்கொல்லி போய் ஒட்ட வேண்டிய புரதத்தில், 106-ஆவது இடத்திலிருந்த புரோலின் என்ற அமினோ அமிலம் செரினாக மாறியிருந்தது. மருந்துக்கு ஒட்ட இடம் சரியாக அமையவில்லை. புல் அறிவைப் பயன்படுத்தித் தப்பவில்லை. எண்ணற்ற புற்களில் தற்செயலாக மாறிப்போயிருந்த சில புற்களைத் தவிர மற்றவை மடிந்தன. மிஞ்சியவற்றின் விதைகள் நிலத்தை நிரப்பின.

நுரையீரலில் நடந்ததும் அச்சு அசலாக இதுதான். 2005-இல் ஆய்வாளர்கள் கண்டது: ஈ.ஜி.எஃப்.ஆர். புரதத்தின் 790-ஆவது இடத்தில் திரியோனின் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தியோனின் வந்து உட்கார்ந்திருந்தது. டி790எம் என்று அந்த மாற்றத்துக்குப் பெயர். எதிர்ப்பு உருவான நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இது காணப்படுகிறது. கோடிக்கணக்கான புற்று உயிரணுக்களில் இந்த மாற்றம் கொண்டவை பிழைத்தன, பெருகின. படிவம் 5 உயிரியலில் நீங்கள் படிக்கும் வேறுபாடும் இயற்கைத் தேர்வும் தேர்வுத் தாளுக்காக மட்டும் எழுதப்பட்டவை அல்ல. அவை ஒரு மனிதரின் நுரையீரலுக்குள் ஓராண்டில் நடந்து முடிகின்றன.

எதிர்ப்பு உருவாக இன்னொரு வழியும் உண்டு. கூட்டரசு நெடுஞ்சாலையில் விபத்து என்றால் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகிறவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்களா? கெசாஸ் வழியாகப் போகிறார்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். பாதையை மருந்து அடைத்ததும் சில கட்டிகள் மெட் என்ற வேறொரு ஏற்பியைப் பெருக்கிக்கொண்டு, அதே 'பெருகு' கட்டளையை அந்த வழியே அனுப்புவதாக 2007-இல் கண்டறிந்தார்கள்.

பாதை மாறும் இந்தக் கதையில் பெருங்குடல் புற்றுநோய் இன்னும் தெளிவான பாடம் சொல்கிறது. பிராஃப் என்ற புரதத்தில் ஏற்படும் ஒரே வகை மாற்றம் மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலும் உண்டு, சில பெருங்குடல் புற்றுநோய்களிலும் உண்டு. பிராஃபை அடக்கும் மருந்து தோலில் நன்கு வேலை செய்தது. குடலில் பெரிதும் தோற்றது. 2012-இல் நெதர்லாந்துப் புற்றுநோய்க் கழகத்தின் ரெனே பெர்னார்ட்ஸ் குழு காரணத்தைக் கண்டது. பிராஃப் அடங்கியதும் குடல் புற்று உயிரணுக்களில் ஈ.ஜி.எஃப்.ஆர். விழித்துக்கொண்டு பாதையைத் திறந்துவிடுகிறது. மெலனோமா உயிரணுக்களில் அந்த ஏற்பி மிகக் குறைவு. ஆகவே குடலில் இரண்டையும் ஒன்றாக அடைக்க வேண்டும். அப்படி இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இரண்டாவது ஊசி

இங்கேதான் அந்தப் பழைய வாக்கியம் மறுபடியும் வாசலுக்கு வருகிறது. மருந்து வேலை செய்யவில்லை என்றதும் மருத்துவர் மீண்டும் ஒரு மாதிரி கேட்பார். "ஒரு தடவை குத்துனதே போதும்" என்று குடும்பம் மறுக்கும். ஆனால் முதல் மாதிரி சொன்னது பழைய கட்டியின் கதை. இப்போது வளர்வது, மருந்தில் பிழைத்த உயிரணுக்களின் வாரிசு. அது டி790எம் வழியில் தப்பியதா, மெட் வழியில் தப்பியதா என்று தெரியாமல் அடுத்த மருந்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தெரிந்தால் என்ன பயன் என்பதற்கும் எண் இருக்கிறது. டி790எம் மாற்றத்தையும் தாண்டி ஈ.ஜி.எஃப்.ஆரை அடக்கும் ஓசிமெர்ட்டினிப் என்ற மாத்திரை 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மாற்றம் இருப்பது உறுதியான 419 நோயாளிகளிடம் அதைக் கீமோவோடு ஒப்பிட்ட ஆய்வின் முடிவு அடுத்த ஈராண்டில் வெளியானது. கீமோ பெற்றவர்களுக்கு நோய் மீண்டும் வளராமல் இருந்த இடைநிலைக் காலம் 4.4 மாதம், ஓசிமெர்ட்டினிப் பெற்றவர்களுக்கு 10.1 மாதம்.

ஊசிக்கு மாற்றாக ஒரு வழியும் வந்திருக்கிறது. மடியும் புற்று உயிரணுக்களின் டி.என்.ஏ. துணுக்குகள் இரத்தத்தில் மிதக்கின்றன. கையிலிருந்து எடுக்கும் இரத்தத்திலேயே ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்தைத் தேடும் சோதனைக்கு 2016-இல் அமெரிக்கா முதன்முதலாக அனுமதி கொடுத்தது. ஆனால் இரத்தத்தில் மாற்றம் தென்படவில்லை என்றால் அது இல்லை என்று பொருளாகாது. அப்போது திசு மாதிரியைத்தான் நாட வேண்டியிருக்கும்.

ஓசிமெர்ட்டினிப் முடிவான வெற்றி என்றும் நான் சொல்லமாட்டேன். அது பற்றிக்கொள்ளும் 797-ஆவது இடத்திலுள்ள சிஸ்டீன், செரினாக மாறி அந்த மருந்தையும் உதறிவிடுவது சிலரிடம் காணப்படுகிறது. ரும்புட் சம்பாவ் புல்லிலும் இரண்டாவதாக ஒரு மாற்றம் சேர்ந்து, எதிர்ப்பை மேலும் வலுவாக்கியது. பரவிவிட்ட நோயில் மருத்துவம் பெரும்பாலும் காலத்தைத்தான் வாங்கித் தருகிறது. அந்தக் காலத்தில் ஒரு மகளின் திருமணம் நடக்கலாம், ஒரு பேரன் எஸ்.பி.எம். எழுதி முடிக்கலாம். குணமாக்கும் வாய்ப்பு அதிகமுள்ள கட்டம் பரவுவதற்கு முந்தையது. பச்சிலைக்குக் கொடுத்த எட்டு மாதம் பறித்துக்கொண்டது அந்தக் கட்டத்தைத்தான்.

பச்சிலையை நான் இகழவில்லை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்திய கல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வந்தது. ஆனால் அது அரைத்துப் பூசிய இலையாக வரவில்லை. பிரித்தெடுத்து, அளவு கண்டு, சோதித்துத்தான் வந்தது. வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று மருத்துவத்தை மட்டும் நாடிய 281 பேரை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மற்ற நோயாளிகளோடு ஒப்பிட்டு 2018-இல் எழுதினார்கள். அவர்கள் எவருக்கும் நோய் தொடக்கத்தில் வேறு உறுப்புக்குப் பரவியிருக்கவில்லை. அவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது.

கடிதத்தை வாசிப்பவர் நீங்கள்

ஏன் இதைப் பெரியவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்? பல வீடுகளில் மருத்துவமனைக் கடிதத்தைத் தாத்தா பாட்டிக்கு வாசித்துச் சொல்வது நீங்கள்தான். மருத்துவர் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசும்போது இடையில் நின்று தமிழில் சொல்வதும் நீங்கள்தான். குடும்பப் புலனக் குழுவில் 'கத்தி வைக்காதீர்கள்' என்ற செய்தி வரும்போது அது உண்மையா என்று தேடிப் பார்க்கத் தெரிந்தவர்களும் நீங்கள்தான். அந்த இடம் சின்ன இடமன்று.

பெரியவர்களை எதிர்த்துப் பேசச் சொல்லவில்லை. நான்கு பேர் முன்னால் "பாட்டி, நீங்க சொல்றது தப்பு" என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். தனியாக உட்கார்ந்து, "பாட்டி, ஊசி குத்துனா பரவுமான்னு டாக்டர்கிட்டயே கேட்டுருவோம். நானும் கூட வர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். கூட வருகிறேன் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் மதிப்பு உண்டு.

அங்கே போனால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எந்த வகைப் புற்றுநோய்? எந்த நிலையில் இருக்கிறது? எந்த மரபணு மாற்றங்களைச் சோதித்தீர்கள், அல்லது சோதிக்க வேண்டும்? மருந்து ஒரு காலத்துக்குப் பின் பலிக்காமல் போனால் நான்காவது கேள்வி: இப்போது மறுபடியும் சோதிக்க வேண்டுமா? பதில்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டிவையுங்கள். யார் வந்து என்ன அறிவுரை சொன்னாலும் அந்தத் தாள் அங்கே இருக்கும்.

என் அத்தை இப்போது இல்லை. அன்று கடிதத்தை வாசித்த பையன், இறுதிச் சடங்குக்குப் பிறகு என்னிடம் ஒன்று சொன்னான். "எனக்கு அன்னிக்கே தெரியும் மாமா, போகணும்னு. சின்னப் பையன் சொன்னா யாரு கேப்பாங்கன்னு பேசாம இருந்துட்டேன்." அவன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அங்கே கூடியிருந்த பெரியவர்களில் நானும் ஒருவன். நானும் வாய் திறக்கவில்லை. அடுத்த வீட்டில் அடுத்த கடிதம் வரும்போது, வாசித்து முடித்ததும் தாளை மடித்துவிடாமல், "எப்பப் போறோம்?" என்று நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதினேன்.